சட்டம் கற்போம்; கரை காப்போம்!

(முத்துக்குளித்துறைத் தோழர்களுக்கான சட்டப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



முழக்கம் எழுப்ப நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொடி பிடிக்கவும், ஊர்வலம் நடத்தவும், வேளை வந்தால் சிறை செல்லவும் அறிந்தவர்கள் நாம். ஆனால், ஓர் ஆலை நமது ஊருக்கு வருகிறது என்றால், அதற்கு எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அலுவலகத்தில், எந்த நாளில் அனுமதி வழங்கப்படுகிறது. அந்த அனுமதியிலே எழுதப்பட்டுள்ள நிபந்தனைகள் யாவை. அவற்றை மீறினால் எவரிடம், எத்தனை நாளுக்குள், எவ்வாறு முறையிட வேண்டும் என்பதை நம்மிலே எத்தனை பேர் அறிவோம்? கிளைக்கு ஒருவர் உண்டா? ஒன்றியத்துக்கு ஒருவரேனும் உண்டா? இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

சட்டம் அனைவருக்கும் பொது என்கிறார்கள். ஏட்டளவில் அது உண்மையே. எனினும், அறிந்தவன் கையில் அது கருவியாகிறது. அறியாதவன் தலையில் அது சுமையாகிறது. ஆலை அதிபரிடம் சட்டம் கற்றவர்கள் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். உப்பளத்தில் நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் தாயிடம் யார் இருக்கிறார்? தோணியேறிப் போய், வலை நனைத்த கூலிகூடக் கிடைக்காமல் திரும்பும் மீனவரிடம் யார் இருக்கிறார்? நாம்தான் இருக்க வேண்டும், தோழர்களே! அதற்காகத்தான் இந்த வகுப்பு.

பார் பார்த்த பின்பே சலாபம்

நமது கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். முத்துச் சலாபம் கூட்டுவது எப்படி என்பதை உங்கள் பாட்டனார் கண்டிருப்பர். எடுத்த எடுப்பிலே தோணிகளைக் கடலில் இறக்கிவிடவில்லை. முதலில், கடலடியிலுள்ள முத்துப் பார்களைச் சோதித்தார்கள். சிப்பி முதிர்ந்ததா, இளசா என்று ஆராய்ந்தார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை மேலே எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டார்கள். முதிர்ந்த பார் என்று உறுதியானால்தான் நாளும் இடமும் குறித்து அறிவிப்பு வெளிவரும். இளம் பார் என்றால் விட்டுவிடுவார்கள். 1955 முதல் 1961 வரை நடைபெற்றவையே இக்கரையின் கடைசிச் சலாபங்கள். அதன் பின்னர் சலாபம் கூடவில்லை.

ஆண்டவர்கள் இதைக் கடல்மீது கொண்ட காதலால் செய்யவில்லை. கருவூலத்தின்மீது கொண்ட காதலால்தான் செய்தார்கள். ஆயினும் முறை முறைதானே! சோதனை முன்னே, தொழில் பின்னே. அறிவிப்பு முன்னே, அறுவடை பின்னே. இன்று 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்று நீட்டி முழக்கிச் சொல்கிறார்களே, அதன் உட்பொருள் இதுவன்றி வேறென்ன? ஆலை கட்டுமுன் நிலத்தைப் பார், நீரைப் பார், காற்றைப் பார், அங்கு வாழும் மக்களைக் கேள். இவ்வளவுதான்.

முத்துக்காகச் செய்த இந்தச் சோதனையை, அதே கரையில் வாழும் மனிதருக்காகச் செய்தார்களா? அந்தக் கதையைத்தான் இனிக் காணப் போகிறோம்.

கேளாமல் வந்த ஆலை

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை முதலில் தூத்துக்குடியைத் தேடி வரவில்லை. மராட்டிய மாநிலத்து இரத்தினகிரியில் அமைவதாக இருந்தது. மாந்தோப்புகளும் மீன்பிடித் துறைகளும் நிறைந்த அந்த மாவட்டத்து மக்கள் எதிர்த்து எழுந்தனர். 1993-ஆம் ஆண்டில் அங்கே வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அங்கே வேண்டாமென்றது இங்கே வந்தது.

1994 ஆகஸ்டு 1-ஆம் நாள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையின்மைச் சான்று வழங்கியது. 1995 ஜனவரி 16-ஆம் நாள், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி அளித்தது. 1997-இல் உற்பத்தி தொடங்கிற்று. இந்த மூன்று நாள்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிலே நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. சூழல் நுட்பம் மிக்க பகுதியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் ஆலை அமைய வேண்டும் என்று எழுதியிருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நான்கு, ஆலையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தன. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்தில் பசுமை வளையம் வேண்டும் என்று எழுதியிருந்தது. பின்னர் கம்பெனி கேட்டுக்கொண்டது. 250 மீட்டர் 25 மீட்டராகச் சுருங்கியது. ஒரு சுழியம்தானே குறைந்தது என்பார் உண்டு. அந்தச் சுழியத்துக்குள்ளேதான் தோழர்களே, நூற்றுக்கணக்கான மரங்கள் நின்றிருக்கும், தூசியைத் தடுத்திருக்கும், கிணற்றடிக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு வேலி போல வளர்ந்திருக்கும்.

சுழியம் அழிக்கப்பட்டபோது ஊரிலே எவரும் குரல் எழுப்பவில்லையா? எப்படி எழுப்புவார்கள்? சொன்னால்தானே தெரியும்! அலுவலகத்தில் ஒரு கூட்டம், கோப்பிலே ஒரு குறிப்பு, வேலை முடிந்தது.

திட்டம் ஒன்றுக்கு அனுமதி தருமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது 1997 ஏப்ரல் 10-ஆம் நாள் வெளியான திருத்தத்தால்தான் கட்டாயமாயிற்று. ஆலை மத்திய அனுமதி பெற்று அப்போது இரண்டேகால் ஆண்டு கழிந்துவிட்டது.

வழக்குகள் 1996-லேயே தொடுக்கப்பட்டன. சூழல் காப்பு அமைப்பினர் தொடுத்தனர்; அரசியல் இயக்கத்தார் தொடுத்தனர்; தொழிற்சங்கத்தார் தொடுத்தனர். பதினான்கு ஆண்டு கழித்து, 2010 செப்டம்பர் 28-ஆம் நாள், ஆலையை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2013 ஏப்ரல் 2-ஆம் நாள் அந்தத் தீர்ப்பையே நீக்கியது. மக்களைக் கேட்காமல் அனுமதி தந்தார்களே என்ற வாதத்துக்கு விடை என்ன கிடைத்தது? அனுமதி தந்த நாளில் கருத்துக் கேட்பு கட்டாயமாக இருக்கவில்லை என்பதுதான். அதே தீர்ப்பில், முறையான இசைவாணை இல்லாமல் இயங்கிய காலத்துக்காகவும் விளைவித்த மாசுக்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. குற்றம் இருந்தது, தண்டம் விதிக்கப்பட்டது, ஆலை ஓடிற்று.

நூறாம் நாளும் மறுநாளும்

2018 பிப்ரவரி 12-ஆம் நாள், ஆலையை விரிவாக்கும் முயற்சியை எதிர்த்து, அ. குமாரரெட்டியாபுரத்து மக்கள் அறப்போர் தொடங்கினர். அருகிலிருந்த ஊர்கள் சேர்ந்தன. நகரத்து வணிகர், மீனவர், மாணவர், இல்லத்தரசியர் சேர்ந்தனர். நூறாம் நாள், மே 22. ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் நடந்தனர். அன்றும் மறுநாளுமாகப் போலீசார் சுட்டதில் 13 உயிர்கள் பறிபோயின. அவர்களிலே பதின்ம வயதுப் பெண்ணும் ஒருவர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீசார்மீது அது குற்றம் கண்டது.

தோழர்களே, இன்னொரு செய்தியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிற்பேட்டைக்குள் அமைவதால் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்று சொல்லித்தான் அந்த விரிவாக்கத்துக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டிருந்தது. மே 23-ஆம் நாள், மதுரை உயர்நீதிமன்றக் கிளை அந்த விரிவாக்கத்துக்குத் தடை விதித்து, மக்களின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டுமென்று ஆணையிட்டது. 22-ஆம் நாள் மக்கள் பேசச் சென்றனர், குண்டு பேசியது. 23-ஆம் நாள் நீதிமன்றம், மக்களைப் பேசவிடுங்கள் என்றது. அந்த ஒரு நாள் இடைவெளியை நினைக்க நெஞ்சு பதறவில்லையா? கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது ஏதோ சடங்கு என்று எண்ணுவோர், இந்த இரண்டு நாள்களையும் எண்ணிப் பார்க்கட்டும். உரிய காலத்தில் ஒரு பந்தலும் ஒலிபெருக்கியும் வைத்துக் கேட்டிருக்க வேண்டியதை, நூறு நாள் வெயிலில் உட்கார்ந்து கேட்க வைத்தார்கள்.

ஐந்து காகிதங்கள்

மே 28-ஆம் நாள் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை பிறந்தது. கம்பெனி தீர்ப்பாயம் சென்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பர் 15-ஆம் நாள் ஆலைக்குச் சாதகமாகச் சொன்னது. அதை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2019 பிப்ரவரி 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. எந்த மன்றத்தின் படியேறுவது என்பதும் சட்டந்தான், பார்த்தீர்களா! 2020 ஆகஸ்டு 18-ஆம் நாள், உயர்நீதிமன்றம் கம்பெனியின் மனுக்களைத் தள்ளியது. 2024 பிப்ரவரி 29-ஆம் நாள், உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது.

எதன்மேல் நின்றது அந்த முடிவு? நூறு நாள் போராட்டம் தொடர்ந்துகொண்டிருந்தபோதே, 2018 ஏப்ரல் 9-ஆம் நாள், இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்து வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதிலே சொல்லப்பட்ட காரணங்கள் ஐந்து.

ஒன்று, சுற்றுப்புறத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரைச் சோதித்த அறிக்கைகளைத் தரவில்லை. இரண்டு, உப்பாற்றங்கரையிலும் தனியார் பட்டா நிலங்களிலும் கொட்டிக் கிடக்கும் தாமிரக் கசடை அகற்றவில்லை. மூன்று, அபாயகரமான கழிவுகளைக் கையாளச் செல்லுபடியாகும் அங்கீகாரம் இல்லை. நான்கு, காற்றில் ஆர்செனிக் போன்ற கன உலோகங்களின் அளவைச் சோதிக்கவில்லை. ஐந்து, ஜிப்சம் கழிவுக்கு விதிப்படியான குட்டை கட்டவில்லை.

இந்த ஐந்திலே விஞ்ஞானி வந்து விளக்க வேண்டியது எது? உப்பாற்றங்கரையில் மலைபோல் கிடந்த கறுப்புக் கசடைக் காண நுண்ணோக்கியா வேண்டும்? ஆடு மேய்க்கும் சிறுவனும் நாள்தோறும் கண்டானே! கிணற்று நீர் அறிக்கை வந்ததா, இல்லையா என்பதை அறிய ஆராய்ச்சிக் கூடமா வேண்டும்? 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போதுமே! அங்கீகாரம் காலாவதியாயிற்றா என்பதைக் காண, தேதி படிக்கத் தெரிந்தால் போதுமே!

போராட்டம் வீண் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துக் கூற வேண்டாம். மக்கள் எழாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பை எவரும் தூசி தட்டியிருக்கமாட்டார்கள். ஆனால் மன்றத்திலே கடைசிவரை தாங்கி நின்றது, கோப்பில் இருந்த குறைகளின் பட்டியல். அந்தக் குறைகள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஊர்க்கண் முன்னே கிடந்தவை. அவற்றை அன்றன்றே எழுதி, நாள் குறித்து, படம் பிடித்து, மனுவாக்கி, ஒப்புகை பெற்று வைக்க ஊருக்கு நான்கு பேர் இருந்திருந்தால், இந்த வழக்கு இத்தனை ஆண்டு நடந்திருக்குமா? அந்த மே மாதம் நமக்கு வந்திருக்குமா? இதுதான் என்னை உறுத்தும் கேள்வி. உங்களையும் உறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன்.

தொழிலுக்கு நாம் பகைவரா?

இவர்கள் ஆலை என்றாலே எதிர்ப்பவர்கள், வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். ஆண்டுக்கு 4 இலட்சம் டன் தாமிரம் ஆக்கும் ஆலை மூடப்பட்டதால் இந்தியா தாமிரத்தை இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டதே என்கிறார்கள். அது பொய்யன்று. வேலை இழந்தவர்கள் பலர். லாரி ஓட்டியவர்கள், ஒப்பந்தக் கூலிகள், தேநீர்க் கடைக்காரர்கள் ஆகிய அவர்களும் நம்மவர்களே. அவர்களின் துயரத்தைக் கேலி பேசும் உரிமை நமக்கில்லை.

ஆனால் அந்தத் தொழிலாளியின் அடுப்பை அணைத்தது யார்? நிபந்தனையைக் கேட்ட மக்களா, நிறைவேற்றாத நிர்வாகமா? 1994-இல் எழுதிய நிபந்தனைகளை எழுதியபடியே காத்திருந்தால், கசடை அன்றன்றே அகற்றியிருந்தால், கிணற்று நீரைச் சோதித்து ஊருக்குச் சொல்லியிருந்தால், மக்கள் எழுந்திருக்கமாட்டார்கள். தொழிலாளியும் தெருவில் நின்றிருக்கமாட்டான். ஆலையை மூடுவது முதல் விருப்பமாக இருக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் சொன்னது; மீறல்கள் மீண்டும் மீண்டும் நேர்ந்ததால்தான் வேறு வழியில்லாமற் போயிற்று என்றும் சொன்னது. எனவே, சட்டத்தைக் கண்காணிப்பது ஆலைக்குப் பகை அன்று. ஆலையின் ஆயுளுக்கும் அதுவே காப்பு.

இந்தக் கரைக்கு இன்னும் பல தொழில்கள் வருகின்றன. துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம், உடன்குடியில் அனல் மின் நிலையம், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றையும் கண்ணை மூடி ஆதரிக்கவும் வேண்டா; கண்ணை மூடி எதிர்க்கவும் வேண்டா. கண்ணைத் திறந்து படிப்போம். படிக்க நமக்குச் சட்டம் வழி வகுத்திருக்கிறது.

கையிலுள்ள கருவிகள்

முதற்கருவி, கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் அறிவிக்கை இதற்கு முறை வகுத்திருக்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக, ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் விளம்பரம் வரவேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். அறிக்கை, ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் மாவட்டத் தொழில் அலுவலகத்திலும் எவரும் படிக்கக் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். முழுதும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும். முடிவிலே, பதிவு செய்த குறிப்பை வட்டார மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நேரில் பேச இயலாதவர் எழுத்திலே அனுப்பலாம்.

ஒரு விதியைக் கவனியுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எண்ணிக்கை எதுவும் இல்லை. ஐந்து பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. ஆகவே, நாம் புறக்கணித்தால் கூட்டம் நின்றுபோகும் என்று எண்ணாதீர்கள். நாம் இல்லாமலே முடிந்துபோகும். அங்கே சென்று 'ஒழிக' என்று முழங்கினால், 'சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒரு வரி எழுதுவார்கள். 'அறிக்கையின் இத்தனையாம் பக்கத்தில் இந்த ஓடையின் பெயரே இல்லையே, இந்த ஓடை மழைக்காலத்தில் எங்கள் கண்மாயை நிரப்புகிறதே' என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு விடை எழுதாமல் அவர்கள் நகர முடியாது. அந்த ஓடையை நம்மினும் நன்கு அறிந்தவர் எவர்?

இரண்டாவது கருவி, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் விடை வரவேண்டும். உயிர், சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்தில் வரவேண்டும். இசைவாணையின் நகலைக் கேளுங்கள். நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையைக் கேளுங்கள். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் மழுப்புவார்கள். 'இந்த ஆண்டு எடுத்த நீர் மாதிரிகளின் முடிவுகளின் நகல் தருக' என்று கேட்டால் நகலைத் தரவேண்டும், அல்லது இல்லையென்று எழுத வேண்டும். இல்லையென்ற அந்தக் காகிதமே நாளை நமக்குச் சான்று.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் இப்போது கூடுகிறது. சபைத் தீர்மானம் ஓர் ஆலையைத் தானே தடுத்துவிடும் என்று ஆசை காட்டமாட்டேன். ஆனால், ஊர் எந்த நாளில் எதை அறிந்திருந்தது, எதை எதிர்த்தது என்பதற்கு அதைவிட வலுவான பதிவு இல்லை.

நான்காவது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி ஒன்றை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் தாமதித்தாலும் கதவு அடைபடும். எனவே, அனுமதி எந்த நாளில் வெளியாயிற்று என்பதை அறிவதே பாதிப் போர். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமலே, இலவசச் சட்ட உதவி உண்டு. தாய்மார்களே, இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்!

ஏழை சொல் அம்பலம் ஏறியதுண்டு

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சோர்வோருக்கு இரண்டு சான்று சொல்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் விட்ட கழிவு, கிணற்றையும் கழனியையும் கெடுத்தது. வேலூர் மக்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கேடு செய்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், கடற்கரையைக் குடைந்த இறால் பண்ணைகளுக்கு எதிராக, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இந்தியாவின் எந்த மூலையில் சூழல் வழக்கு நடந்தாலும் இன்று இந்தத் தீர்ப்புகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவை தமிழ்நாட்டுக் கழனியிலும் கரையிலும் பிறந்தவை!

ஆனால் சட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நாம் தூங்கினால் நம்மைக் கேட்காமலே நகரும். 2020-இல் மத்திய அரசு ஒரு புதிய வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. கருத்துக் கூற 30 நாள் இருந்ததை 20 நாளாகக் குறைக்க முனைந்தது. எந்த மொழியில் வெளியிட்டது? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! வேம்பாற்று மீனவரும் ஓட்டப்பிடாரத்து உழவரும் எப்படிப் படித்துக் கருத்துக் கூறுவர்? அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிடுக என்று 2020 ஜூன் 30-ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதைக்கூட எதிர்த்து மத்திய அரசு நீதிமன்றம் ஏறியது. மொழி உரிமை என்பது மேடைக்கும் பள்ளிக்கும் மட்டும் உரியதன்று, தோழர்களே. குடிக்கும் நீரைப் பற்றிய அறிவிப்பை என் மொழியில் கொடு என்று கேட்பதும் மொழி உரிமைதான்.

இன்னொன்று: போபால் துயரத்துக்குப் பின் 1986-இல் பிறந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டம் அந்தச் சிறைத் தண்டனைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்று மாற்றிவிட்டது. கோடிகளில் புரளும் கம்பெனிக்கு 15 இலட்சம் எம்மாத்திரம்? இந்த மாற்றம் வந்ததை நம் கிளைகளில் எத்தனை அறியும்?

நம்மையும் கட்டும் சட்டம்

பிறரைக் கேட்குமுன் நம் பக்கமும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கு மேலே இல்லை. அவற்றில் விலங்குசல்லி நமது தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகளைப் பல்லாண்டு பெயர்த்தெடுத்ததே பெருங்காரணம். அலையைத் தடுத்த அரண் போனது, தீவு கரைந்தது. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, பவளப் பாறையின் அருமை கரையோரத்தார் அனைவருக்கும் விளங்கிற்று. கடல் அட்டை பிடிப்பதற்கும் அதே 2001-இல் தடை வந்தது. அதனால் பிழைப்பிழந்த குளியாளிகள் உண்டு. அவர்களுக்கு மாற்று வாழ்வு வேண்டுமென்று கேட்பது நமது கடமை. சட்டத்தை அறிந்தவர் கேட்டால் அது கோரிக்கை. அறியாதவர் மீறினால் அது வழக்கு. அவ்வளவே வேறுபாடு.

இனி செய்ய வேண்டியது

இக்கரையின் பெருமகன் வ.உ.சிதம்பரனார் ஒரு வக்கீல் என்பதை மறவாதீர்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் எப்படித் தொடங்கினார்? வெள்ளையர் இயற்றிய கம்பெனிச் சட்டத்தின்படியே பதிவு செய்து தொடங்கினார். ஆள்வோரின் சட்டத்தையே கப்பலாக்கி ஆள்வோரின் வாணிகத்தை எதிர்த்தவர் அவர். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்று வெற்றி தேடித் தந்தவரும் அவரே. சட்ட அறிவும் மக்கள் திரளும் ஒருவரிடமே கூடியதால்தான் ஆதிக்கம் அஞ்சியது.

எனவே, கிளைத் தோழர்களுக்கு ஐந்து வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். கிளை தோறும் ஒரு கோப்பு தொடங்குங்கள். உங்கள் எல்லையிலுள்ள ஒவ்வோர் ஆலையின் இசைவாணை நகலும் அதிலே இருக்கட்டும். நாளேட்டில் வரும் கருத்துக் கேட்பு விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்ட ஒருவரை அமர்த்துங்கள். ஓடையிலே நிறம் மாறினால், மீன் செத்து மிதந்தால், நாள், நேரம், இடம் குறித்து எழுதி, படத்தோடு வாரியத்துக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கிராம சபைக்கு முன், ஊர்க் கிணறுகளின் நீரைச் சோதித்துச் சொல்லுமாறு ஒரு தீர்மானத்தை எழுதி வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே சென்று பார்த்து வாருங்கள்.

இவற்றிலே கைத்தட்டல் கிடைக்காது, மாலை விழாது, சுவரொட்டியில் பெயர் வராது. ஆனாலும் செய்யுங்கள். 13 பேரின் குடும்பத்தார் இந்த மண்ணிலேதான் வாழ்கிறார்கள். மே 22 வரும்போதெல்லாம் படத்துக்கு மாலையிட்டுக் கண்ணீர் உகுக்கிறோம். அந்தக் கண்ணீருக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், இனி எந்த ஊரும் தன் காற்றையும் தண்ணீரையும் பற்றிக் கேட்க நூறு நாள் தெருவில் உட்காரும் நிலை வரலாகாது. அதற்கான வேலை, நாளைக் காலை ஒரு 10 ரூபாய் விண்ணப்பத்தில் தொடங்கட்டும்!